தொண்ணூற்றெட்டு சதவீதத் தெளிவு

மூடிப்போன சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. படம் ஓடிய காலத்தில்கூட அந்தக் கொட்டகை இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. பொழுது விடிந்ததும் விடியாததுமாக வரிசை. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் ஒரு காலிப் பை. உள்ளே போகும்போது பை லேசாகவும் மடி கனமாகவும் இருக்கும். வெளியே வரும்போது அது அப்படியே தலைகீழாகும். அதற்குப் பெயர்தான் அருள்.

உள்ளே, திரை இருந்த இடத்தில் ஒரு மேடை. மேடையில் தெளிவய்யா. தாடி கிடையாது, சடை கிடையாது. தாடி வைத்தால் ஜனங்கள் போலி என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்ட புத்திசாலி. தேய்த்த சட்டை, மூக்குக்கண்ணாடி, வாயைத் திறந்தால் 'அணு', 'அதிர்வு', 'ஆற்றல்'. காலத்துக்கு ஏற்ற வேஷம்.

அவருக்குப் பின்னால் ஒரு நீல டிரம். கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயிலிருந்து அன்று காலையில் மொண்ட தண்ணீர் என்று சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். மொண்டதைப் பார்த்தவர் எவருமில்லை. ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் அதைப் பிடிப்பார். கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து நெற்றியில் தொட்டு உள்ளே போடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்ம்' என்பார். பழுப்பு மஞ்சளாகும், மஞ்சள் வெளிறும், வெளிறிய தண்ணீர் பளிங்காகும். கொட்டகையே "ஆ!" என்று வாயைப் பிளக்கும்.

பிறகு அந்தத் தெளிந்த நீரை மேடை ஓரத்துப் பூந்தொட்டியில் பயபக்தியோடு ஊற்றிவிடுவார். "முதல் வாய் பூமித்தாய்க்கு!" என்பார். முதல் வாய் பூமித்தாய்க்கு, இரண்டாவது வாயும் பூமித்தாய்க்கு, மூன்றாவது வாயும் அவளுக்கே. அவர் ஒரு சொட்டுகூடத் தன் வாயில் விட்டுக்கொண்டதில்லை. தொட்டியில் இருந்தது பிளாஸ்டிக் செடி. மேடையைச் சுற்றி ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போடுகிற வாசனை அடித்தது. நோய் தீர்க்கிற வாசனை என்று ஜனங்கள் மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து கல் விநியோகம். விற்பனை இல்லை, காணிக்கை. குடத்துக்குச் சின்னக் கல், மொட்டைமாடித் தொட்டிக்குப் பெரிய கல். கல்லோடு இரண்டு கட்டளைகள் இலவசம். கல் போட்ட தண்ணீரைக் காய்ச்சக் கூடாது, சூடு பட்டால் அதிர்வு செத்துவிடும். தண்ணீர் தெளியவில்லை என்றால் கல்லில் குறையில்லை, உங்கள் மனசில் சந்தேகம் இருந்திருக்கிறது. என்ன அழகான ஏற்பாடு பாருங்கள்! பலித்தால் கல்லுக்குப் பெருமை, பலிக்காவிட்டால் வாங்கினவன் தலையில் பழி.

இந்தக் கொட்டகைக்குத்தான் நம் சின்னவள் ஆய்வு செய்யப் போனாள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். கல்லூரியில் அவளுக்குப் பெயர் முதல் பெஞ்சு. சுற்றுச்சூழல் இளங்கலை, இரண்டாம் வருஷம். அந்த வருஷம் 'ஆய்வு முறைகள்' என்று ஒரு பாடம். நடத்தியவர் துறைத்தலைவர். அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டால் அது அவர் இல்லாமலே தனியாக வகுப்புக்கு வந்து நிற்கும். அதனால் பிள்ளைகள் அவருக்கு மொடமொட என்று பெயர் வைத்திருந்தார்கள். மொடமொட முப்பது வருஷமாக ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர். கேள்வி கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார். யோசித்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஆளுக்கொரு தலைப்பு. ஜனங்ககிட்டப் போய்க் கேளுங்க. சதவீதம் போட்டுக் கொண்டாங்க. படம் கலர்ல இருக்கணும்" என்றார் மொடமொட. ஆய்வு முறை அவ்வளவுதான்.

ஊரெல்லாம் தெளிவய்யா பேச்சாக இருந்ததால் சின்னவள் அதையே எடுத்துக்கொண்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. கேள்விகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எங்கே நின்று கேட்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை, அதை வெயில் முடிவு செய்தது. கொட்டகையின் வெளிவாசலில் நல்ல நிழல். தெளிவய்யாவின் ஆட்கள் ஒரு நாற்காலி போட்டு, குளிர்ச்சியாகக் குடிக்கவும் கொடுத்தார்கள். அவள் சவுகரியமாக உட்கார்ந்து, கல்லும் கையுமாக வெளியே வந்தவர்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். பாதிப் பேர் இரண்டாவது கல்லுக்கும் மூன்றாவது கல்லுக்கும் வந்தவர்கள். தண்ணீர் தெளிந்ததா? தெளிந்தது! திருப்தியா? பரம திருப்தி!

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு பேரில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர், அவருக்குப் பேச நேரமில்லை.

ஆய்வகத்தில் அவளோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவன் ஒருவன் இருந்தான். எதையும் நம்பமாட்டான், எந்த வேலையும் செய்யமாட்டான். பெயர் பின்பெஞ்சு. அவன் அவளுடைய தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தான்.

"சாராயக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவன்கிட்ட எல்லாம் 'குடிக்கிறது பிடிக்குமா'ன்னு கேட்டிருக்கே."

"பேசாதே. உன் ஆய்வு எங்க?"

"கேன்டீன்ல நடந்துக்கிட்டு இருக்கு."

சோம்பேறி சொல் அம்பலம் ஏறாது. மொடமொட அவளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார். வட்டப்படம் ஆறு கலரில் இருந்ததாம். போட்டதோடு விட்டாரா? அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஏற்கெனவே பெரிய கல் கிடந்தது. அடுத்த முறை கொட்டகைக்குப் போனபோது அந்த ஆய்வைக் கையோடு எடுத்துப்போய்த் தெளிவய்யா காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரத்தில் கொட்டகை வாசலில் ஆளுயர எழுத்தில் பதாகை தொங்கியது. 'அறிவியல் நிரூபித்துவிட்டது! பல்கலைக்கழக ஆய்வில் 98% தெளிவு!' ஓரத்தில் சின்னவளின் புகைப்படம். கல்லூரி அடையாள அட்டையில் இருக்கிற, தூக்கத்தில் எழுப்பி எடுத்தது மாதிரியான அதே படம்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினாள். தெருவில் பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். சின்னவளுக்கு அடிமனசில் என்னவோ உறுத்தியது. ஆனாலும் ஊரே மெச்சும்போது உறுத்தலுக்கு யார் காது கொடுப்பார்கள்? அவளும் இரண்டு தடவை அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த தெருவில் இருந்த அக்காவும் ஒரு கல் வாங்கி வந்தாள். அக்காவுக்குப் பத்து மாதக் குழந்தை.

"காய்ச்சாம குடுக்கிறியா அக்கா?"

"காய்ச்சினா சக்தி போயிடும்னு சொன்னாங்கடி. கேஸும் மிச்சம்."

"இல்லக்கா, குழந்தைக்கு எதுக்கும்..."

"ஏன்டி, நீ கேட்டு எழுதினதுதானே? எழுதினவளே இப்படி இழுத்தா எப்படி?"

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வாசலில், அக்கா, கேட்டதெல்லாம் சிரித்த முகங்களை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொண்ணூற்றெட்டு அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அதற்கு அழக்கூடத் தெம்பில்லை. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, கண் குழிந்து, துணிபோலத் துவண்டு கிடந்தது. அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதற்குள் நர்ஸ் வியர்த்துப் போனாள். சின்னவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி காய்ச்சித்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அக்கா விக்கி விக்கிச் சொன்னாள். "கல்லு போட்ட தண்ணி டாக்டர்... காய்ச்சக் கூடாதுன்னு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வாரம் இதையே எத்தனை பேர் சொல்லிட்டாங்க தெரியுமாம்மா? நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணியில கிருமி இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் இருக்கும். வீட்ல அதைக் கொல்றது சூடுதான்."

சின்னவள் வார்டைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கைக்குப் படுக்கை ஒரு பிஞ்சு. படுக்கைக்குக் கீழே துணிப்பை, பிளாஸ்க். சில பைகளின் வாயிலிருந்து அதே வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது. கொண்டுவந்தால் குழந்தைக்கு நல்லது என்று ஆஸ்பத்திரிக்கும் எடுத்து வந்திருந்தார்கள். அவள் கேட்டிருக்க வேண்டியவர்கள் இங்கே இருந்தார்கள். கொட்டகை வாசலில் அவள் நிழலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர்கள் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நீ எழுதியிருந்தியேடி."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவ்வளவு வெட்கம் அவள் வாழ்க்கையில் பட்டதில்லை.

நல்லவேளையாக மறுநாள் குழந்தை கண் திறந்து, ஊசி போட்ட நர்ஸைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. தெம்பு வந்துவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் படுக்கையில் கிடந்த பையனுக்கு மட்டும் இன்னும் ஜுரம் இறங்கவில்லை. அவன் அம்மா சிரிக்கவில்லை.

சின்னவள் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். இந்த வார்டிலேயே படுக்கை படுக்கையாகக் கேட்டால் என்ன? கல்லால் பலனடைந்தவர் நூற்றுக்கு எத்தனை? பூஜ்யம்! அதையும் ஒரு பதாகையில் எழுதி எதிரே தொங்கவிடலாம். முதல் படுக்கைவரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அங்கே கேட்டது சிரித்தவர்களை மட்டும் என்றால் இங்கே கேட்கப்போவது அழுகிறவர்களை மட்டும். வாலை மட்டும் பிடித்துப் பார்த்த கை இப்போது தலையை மட்டும் பிடித்தால் முழுப் பூனையும் தெரிந்துவிடுமா? பேனாவை மூடினாள்.

பின்பெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். தெருமுனையிலிருந்து வரிசையாக வீடு விட்டு வீடு, கதவைத் திறப்பது யாராக இருந்தாலும் கேட்பது, பிடித்த வீடு பிடிக்காத வீடு பார்க்கக் கூடாது. கல் இருக்கிறதா? காய்ச்சுகிறீர்களா? இந்த மாதம் வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டதா? வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தத் தடவை யாரும் நாற்காலி போடவில்லை.

ஒரு தையற்காரர் துணியின்மேல் வைத்திருந்த கல்லைக் காட்டினார். "நல்ல கல்லு. காத்தடிச்சா துணி பறக்காது. குடிச்ச தண்ணிக்குத்தான் நாலு நாள் எழுந்திருக்க முடியலை."

"அதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"போய்ச் சொன்னா 'உன் மனசுல சந்தேகம்'பான். காசையும் குடுத்து ஏச்சும் வாங்கணுமா? யாரும் வந்து கேக்கவும் இல்லையேம்மா."

இன்னொரு வீட்டு அம்மாள் கல்லை வாயாரப் புகழ்ந்தாள். "எங்க வீட்ல ஒரு குறையும் இல்லை. வயித்து வலி இருக்கு, வாந்தி இருக்கு, அது வெயில்."

பின்பெஞ்சு இதையெல்லாம் எழுதும்போது முதல்முறையாகச் சிரிக்கவில்லை. முடிவில் கூட்டிப் பார்த்தார்கள். காய்ச்சிக் குடித்த வீடுகளில் கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் எல்லாரும் சுகம். காய்ச்சாத வீடுகளில் கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோய். ஆக, கல்லுக்கு ஒரு வேலையும் கிடையாது. அது வந்த வீடுகளில் அடுப்பை அணைத்தது, அது ஒன்றுதான் அது செய்த காரியம்.

மொடமொடவிடம் போனாள்.

"சார், என்னோட ஆய்வு தப்பு சார்."

"எப்படித் தப்பாகும்? மதிப்பெண் போட்டாச்சே."

"கல் வாங்கி வெளியே வந்தவங்களை மட்டும் கேட்டேன் சார். சரியாகாதவங்க திரும்பி வரவே மாட்டாங்க. அவங்க என் கணக்குல இல்லை."

"வராதவங்களைப் பத்தி நமக்கென்னம்மா? வந்தவங்களைக் கேட்டே, சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை கொட்டகையில விழா. நான்தான் அறிவியல் சான்றிதழ் குடுக்கப்போறேன். உனக்கும் பரிசு. குட்டையைக் குழப்பாதே."

"சார், குழந்தைங்க படுத்துக் கிடக்கு. நீங்க அந்தத் தண்ணியைக் குடிக்கிறீங்களா?"

"நான் கேன் தண்ணி குடிக்கிறேன். அது வேற விஷயம்" என்றார் மொடமொட.

அந்த வாரம் ஆய்வகத்தில், தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்கிற சோதனை. மாதிரித் தண்ணீரில் மருந்துகளைச் சேர்த்தால் அயோடின் பிரிந்து தண்ணீர் பழுப்பாகும். அதில் ஹைப்போ என்கிற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பு வெளிறிக்கொண்டே போகும். எத்தனை சொட்டில் நிறம் போகிறது என்பதுதான் கணக்கு. சுற்றுச்சூழல் படிக்கிற எந்தப் பிள்ளையும் தூக்கத்தில்கூடச் செய்யும்.

சின்னவள் ஹைப்போ சொட்டுகிற கண்ணாடிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பின்பெஞ்சு வழக்கம்போல் வேலை செய்யாமல் நின்றான். பழுப்பு மஞ்சளானது. மஞ்சள் வெளிறியது. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? அவன் கண்ணை மூடிக்கொண்டு தெளிவய்யா மாதிரியே 'ம்ம்ம்ம்' என்றான்.

தண்ணீர் பளிங்கானது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்த ஆஸ்பத்திரி வாசனை!" என்றாள் சின்னவள். புண்ணுக்குப் போடுகிற மருந்தில் இருப்பதும் அதே அயோடின்தான்.

"அப்போ டிரம்ல இருக்கிறது கால்வாய்த் தண்ணியே இல்லை" என்றான் பின்பெஞ்சு. "மேடைக்கல்லுல ஹைப்போ பூசியிருக்கான். வீட்டுக்குக் குடுக்கிறது வெறும் கல்லு."

"ஞாயித்துக்கிழமை மேடைக்கு என்னையே கூப்பிட்டிருக்காங்க" என்றாள் சின்னவள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடையில் தெளிவய்யா, அவர் பக்கத்தில் புத்தம்புதிதாகக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மொடமொட, ஓரத்தில் சின்னவள். முதல் வரிசையில் அம்மா. பின்பெஞ்சு கதவோரம். அவன் பக்கத்தில் மூன்றாம் படுக்கைப் பையனின் அம்மா ஒரு வாளியோடு நின்றாள். பையனுக்கு அன்று காலையில்தான் ஜுரம் இறங்கியிருந்தது. அவனைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பின்பெஞ்சு சொல்லியனுப்பிய உடனே கிளம்பி வந்திருந்தாள்.

'ம்ம்ம்ம்' முடிந்தது. "ஆ!" முடிந்தது. பிளாஸ்டிக் செடி தண்ணீர் குடித்தது. மேசைமேல் இன்னொரு குவளையில் பழுப்புத் தண்ணீர் தயாராக நின்றது.

"நம்ம கல்லை அறிவியலால நிரூபிச்ச பொண்ணு, இப்ப ரெண்டு வார்த்தை பேசும்" என்றார் தெளிவய்யா.

சின்னவள் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். முதல் வரிசையில் அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் எழுதினது தப்பு. வாசல்ல உக்காந்து..."

ஒலிபெருக்கி செத்துவிட்டது. தெளிவய்யாவின் ஆட்களுக்கு எந்தக் கம்பியைப் பிடுங்க வேண்டும் என்று தெரியும். கூட்டம் முணுமுணுத்தது. சின்னவள் திரும்பிப் பழுப்புக் குவளையைக் கையில் எடுத்தாள். "இதுல எங்க அக்கா வீட்டுக் கல்லைப் போட்டுக் காட்டுறேன்!" என்று கத்தினாள்.

"வைம்மா கீழே!" என்று மொடமொட பாய்ந்து குவளையைப் பிடுங்கினார். இவள் இழுக்க, அவர் இழுக்க, குவளை முழுக்க அவர் மார்பில் கவிழ்ந்தது.

வெள்ளைச் சட்டை நீலமானது. சாதாரண நீலமா? பேனா மை புட்டியோடு உடைந்தது மாதிரி, கழுத்திலிருந்து தொப்பைவரை கருநீலம். கஞ்சி எங்கெங்கே கெட்டியாக இருந்ததோ அங்கெல்லாம் கறுப்பு.

தெளிவய்யாவை லேசாக நினைக்கக் கூடாது. கண் மூடித் திறப்பதற்குள் கையை உயர்த்திவிட்டார். "பாத்தீங்களா! சந்தேகம் வந்த இடத்துல நீர் விஷமாச்சு! சாபம்!"

பாதிக் கொட்டகை கன்னத்தில் போட்டுக்கொண்டது. மொடமொட நடுங்கிப்போய் அவர் காலில் விழக் குனிந்தார். அந்தச் சட்டையில் குனிவது சுலபமில்லை, பாதியில் நின்றார்.

சின்னவள் அவர் முன்னால் போய் நின்றாள். குரலை வகுப்பில் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சார், பாடத்துல ஒரு சந்தேகம். எதோட எது சேர்ந்தா கருநீலம் வரும் சார்?"

முப்பது வருஷப் பழக்கம் அவரை விடுமா? மூளை விழிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது. "அயோடினோட மாவுச்சத்து. அரிசிக்கஞ்சி போட்டாலும் வரும்."

"சட்டையில கஞ்சி இருக்கு சார். அயோடின் எங்கேயிருந்து வந்துச்சு?"

"தண்ணியில..." என்றார். பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. குனிந்து சட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து டிரம்மைப் பார்த்தார். பாவம், யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அயோடின் கலரைப் போக்கறது எது சார்?"

"ஹைப்போ" என்றார் மெல்ல.

முதல் சில வரிசைகளுக்கு மட்டும்தான் இது கேட்டது. கேட்டவர்களிலும் பாதிப் பேருக்கு அயோடினும் புரியவில்லை, ஹைப்போவும் புரியவில்லை. அதற்குள் நடுவழியில் வாளியோடு அந்த அம்மாள் வந்துகொண்டிருந்தாள். மேடையேறி வாளியை 'டங்' என்று வைத்தாள். கறுப்புத் தண்ணீர். இதற்கு ஆஸ்பத்திரி வாசனை இல்லை, நிஜமான கால்வாய் நாற்றம். தெளிவய்யாவே மூக்கைச் சுருக்கினார்.

"ஐயா, எனக்குப் படிப்பு கிடையாது. இது இப்பத்தான் பின்னாடி கால்வாயில மொண்டேன், இந்தத் தம்பி பாத்துச்சு. உங்க கையில இருக்கிற கல்லை இதுல போடுங்க."

"அதிர்வு நேரம் முடிஞ்சுபோச்சும்மா..."

"போடுங்க!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது தையற்காரர். "போடச் சொல்லு!" என்றன இன்னும் பல குரல்கள். அதுவரை வரிசைக்குத் திரும்பி வராதவர்களில் சிலர் அன்று வந்திருந்தார்கள். பின்பெஞ்சு கேன்டீனை மறந்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தான்.

கல் விழுந்தது. கூட்டம் கழுத்தை நீட்டியது. தெளிவய்யா 'ம்ம்ம்ம்' என்றார். தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் நீளமாக 'ம்ம்ம்ம்' என்றார். ஒரு குமிழி மட்டும் மேலே வந்து உடைந்தது.

"உள்ளுக்குள்ள தெளிஞ்சிடுச்சு. கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

"சரிங்கய்யா, நம்புறேன்." அந்த அம்மாள் ஒரு டம்ளரில் அதை மொண்டு நீட்டினாள். "குடிங்க."

தெளிவய்யா டம்ளரைப் பார்த்தார்.

"என் புள்ளைக்கு உங்க கல்லு போட்ட தண்ணியை நான் என் கையாலதான் ஊட்டினேன். அவன் முகம் சுளிக்காமக் குடிச்சான். பெரிய மனுஷன் நீங்க, ஒரு மடக்கு குடிக்க மாட்டீங்களா?"

தெளிவய்யாவின் கை தானாகப் பூந்தொட்டிப் பக்கம் போனது. "முதல் வாய் பூமித்..."

"யோவ், அது பிளாஸ்டிக் செடிய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

இத்தனை நாளாக எல்லார் கண்முன்னாலும் இருந்த செடிதான். அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு அடங்கி வேறொரு சத்தம் எழுந்தது. தெளிவய்யா அதைக் காது கொடுத்துக் கேட்கக் காத்திருக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். பின்கதவு கால்வாய்க்குத் திறக்கிற கதவு. இடுப்பளவு சேற்றில் நின்ற அவரைப் போலீஸ் வந்துதான் தூக்க வேண்டியிருந்தது. தினமும் மொண்டதாகச் சொன்ன தண்ணீரை அவர் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

ஆள் முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவராம். படம் கழுவுகிற காலத்து ஹைப்போ மூட்டைகள் மிஞ்சிப்போயிருக்கின்றன. ஊரார் கையில் எல்லாம் கேமரா வந்த பிறகு மூட்டையை என்ன செய்வது? தெய்வீகம் ஆக்கிவிட்டார்.

கொட்டகை காலியான பிறகு மொடமொட சின்னவளிடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இந்தக் கறை போகுமா?"

அவள் மேசைமேல் மிஞ்சிக் கிடந்த ஒரு மேடைக்கல்லை எடுத்துக் கொடுத்தாள். "இதுல ஹைப்போ பூச்சு இருக்கும் சார், நனைச்சுத் தேய்ச்சுப் பாருங்க. இந்தக் கறைக்கு மட்டும் கேக்கும்."

தேய்த்த இடம் வெளுத்தது. கல் அழுக்கை நீக்கத்தான் செய்தது, அதன் எஜமான் ஊற்றிய அழுக்கை மட்டும்.

எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் ஜனங்களை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மறுநாளே துறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த நீலச் சட்டையில் ஒரு துண்டு கிடைக்குமா, வீட்டு வாசலில் கட்டினால் கண் படாதாமே என்று கேட்டார்கள்.

சின்னவள் வீடு வீடாகக் கேட்டதை எழுதி, பழைய ஆய்வு ஏன் தப்பு என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தாள். மொடமொட போன தடவையைவிடக் குறைவாக மதிப்பெண் போட்டார். இதில் கலர்ப் படம் இல்லையாம். அவள் சண்டைக்குப் போகவில்லை.

அக்கா வீட்டில் குழந்தை தவழ்ந்து எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறது. அடுப்பில் எப்போதும் ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்கிறது. கல்லுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கு அக்கா கொதித்த தண்ணீரை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, டிவியில ஒரு பற்பசை விளம்பரம். பத்துல ஒன்பது டாக்டருங்க சொல்றாங்களாம். வாங்கலாமா?"

"எந்த வாசல்ல நின்னு கேட்டாங்கன்னு கேளு அக்கா" என்றாள் சின்னவள்.

உங்களுக்கும் அதுதான். எவனாவது தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று ஒரு குவளையை நீட்டினால் வாயைப் பிளக்காதீர்கள். தண்ணீரைப் போலவே அதையும் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அப்புறம் குடியுங்கள். அடுப்பு உங்கள் தோளுக்கு மேலேயே இருக்கிறது, பற்றவைக்கக் காணிக்கை எதுவும் கிடையாது.